ஒன்பது சதவீதத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு லேப்டாப் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். மேசையில் இரண்டு லேப்டாப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒரே நிறுவனம், ஒரே திரை, ஒரே எடை, ஒரே பேட்டரி. ஒன்றின் மூலையில் ‘ஐ5’ ஸ்டிக்கர், மற்றதில் ‘ஐ7’. விலையில் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் வித்தியாசம். “ஐ செவன் எடுத்துக்குங்க சார், நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல” என்பார் கடைக்காரர். அப்பா மகளைப் பார்ப்பார். மகளுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. தவணையில் வாங்குகிற குடும்பத்துக்குப் பதினைந்தாயிரம் என்பது சில மாத விடுதிச் சாப்பாடு. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று ஸ்டிக்கரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

நிஜமான ஒரு ஜோடியையே எடுத்துக்கொள்வோம். இன்டெல் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட பதின்மூன்றாம் தலைமுறைச் சிப்புகளில் கோர் ஐ5-1335யு, கோர் ஐ7-1355யு என்ற இரண்டும் மெல்லிய லேப்டாப்களில் பரவலாக வந்தவை. இரண்டிலும் பத்து கோர்கள். அவற்றில் வேகமானவை 2, சிக்கனமானவை 8. இரண்டிலும் 12 மெகாபைட் கேஷ். இரண்டுக்கும் அடிப்படை மின்செலவு 15 வாட், உச்சத்தில் 55 வாட். முக்கியமான வித்தியாசங்கள் இரண்டுதான். ஐ5 அதிகபட்சமாக 4.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும், ஐ7 5.0 வரை ஓடும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதியில் ஐ5-க்கு 80 கணக்கீட்டு அலகுகள், ஐ7-க்கு 96. கிராபிக்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 5.0-ஐ 4.6-ஆல் வகுத்தால் 1.087. அதாவது, எல்லாம் சாதகமாக அமைந்தால் ஐ7 ஏறக்குறைய ஒன்பது சதவீதம் வேகம்.

இவை இரண்டும் தனித்தனி வடிவமைப்புகள்கூட இல்லை. சிலிக்கான் தகட்டில் ஒரே அச்சில் நூற்றுக்கணக்கான சிப்புகள் வார்க்கப்படுகின்றன. எல்லாம் ஒன்றுபோல வருவதில்லை. சில சிப்புகள் குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும், சில தடுமாறும், சிலவற்றில் ஏதோ ஒரு பகுதி பழுதாகியிருக்கும். ஒரே தோப்பில் பறித்த மாம்பழத்தைத் தரம் பிரித்துக் கூடையில் போடுவது மாதிரி, சோதித்துப் பார்த்து மேலானதற்கு ஐ7 என்றும் அடுத்ததற்கு ஐ5 என்றும் பெயர் வைக்கிறார்கள். சிக்கனக் கோர்களில் நான்கை அணைத்துவிட்டு ஐ3 என்று விற்பதும் இதே வார்ப்பிலிருந்து வருவதுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பழுதான பகுதியை மூடிவிட்டு மீதியை விற்பதால்தான் சிப் இந்த விலைக்காவது கிடைக்கிறது. ஆனால் ஐ7 என்ற பெயருக்குப் பின்னால் வேறொரு இயந்திரம் இருக்கிறது என்று நினைத்துப் பணம் கொடுக்கக் கூடாது.

இனி அந்த ஒன்பது சதவீதத்தின் கதை. ஒரு சிப் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதற்கு எளிய விதி உண்டு. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப மின்செலவு கூடும். அதிர்வெண்ணை ஏற்ற வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துத் திறந்து மூடாது. இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுகின்றன என்று வைத்தால், 1.087-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். வருவது 1.28. ஒன்பது சதவீத வேகத்துக்கு இருபத்தெட்டு சதவீதம் கூடுதல் மின்சாரம், அதே அளவு கூடுதல் வெப்பம்.

ஒரு காலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் பிறக்கும் வெப்பம் மாறாமல் இருக்க, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். மூன்று பத்தாண்டுகள் அந்தப் பொற்காலம் நீடித்தது. 1993-இல் வந்த முதல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ். 2004-இல் பென்டியம் 4 தொட்டது 3.8 கிகாஹெர்ட்ஸ். பதினோரு ஆண்டில் ஐம்பத்தேழு மடங்கு! அன்றைக்கு ‘வேகமான மாடலை வாங்கு’ என்று சொன்ன அண்ணன்மார் சொன்னது சரியான யோசனைதான். அதற்குப் பிறகு டிரான்சிஸ்டர்கள் மிகவும் சிறுத்து, அணைத்து வைத்தாலும் மின்னோட்டம் கசிய ஆரம்பித்தது. மின்னழுத்தத்தை மேலும் இறக்க முடியவில்லை. 2023-இல் இன்டெலின் மேசைக் கணினிச் சிப் ஒன்று 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. 2004-இலிருந்து பார்த்தால் ஏறக்குறைய இருபது ஆண்டில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கிகாஹெர்ட்ஸைப் பார்த்து விலை போடும் பழக்கம் மட்டும் அந்தப் பொற்காலத்திலிருந்து நம்மிடம் தங்கிவிட்டது.

அந்த 5.0 கிகாஹெர்ட்ஸும் எப்போதும் கிடைப்பதில்லை. மெல்லிய லேப்டாப்பில் சிப்பை 55 வாட்டில் ஓட்டினால் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. அதனால் வேலை தொடங்கிய முதல் சில பத்து விநாடிகளுக்கு மட்டும் முழுவேகம். அதன் பிறகு லேப்டாப் தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்கு, பெரும்பாலும் 15 வாட்டுக்கோ அதற்குச் சற்று மேலேயோ, சிப் இறங்கிவிடும். அந்த எல்லை இரண்டு சிப்புக்கும் ஒன்று. ஒரே வாட்டில் ஓடும்போது ஐ5-உம் ஐ7-உம் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். தரம் பிரித்ததில் கிடைத்த சிறு அனுகூலம் மட்டும் ஐ7 பக்கம் இருக்கும். நீண்ட வேலைக்குத்தான் வேகம் வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால் வேலை நீள நீள இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இங்கே நம் ஊர் வெயிலும் கணக்கில் வருகிறது. சிப் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். விசிறியும் செம்புக் குழாயும் வெளியேற்றும் வெப்பம், சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. 25 டிகிரி ஏசி அறையில் சோதித்து எழுதிய மதிப்புரையில் அந்த வித்தியாசம் 75 டிகிரி. மே மாதம் சென்னையில், மின்விசிறி மட்டும் சுற்றும் அறையில் காற்று 38 டிகிரி என்றால் வித்தியாசம் 62. வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 17 சதவீதம் குறைந்துவிட்டது. மெத்தையின் மேல் வைத்து, அடியில் இருக்கும் காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிட்டால் இன்னும் மோசம். ஒன்பது சதவீத வேகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பெரும்பகுதியை வெயிலிடம் விட்டுவிடுகிறோம். ஒரே சிப் இருக்கும் இரண்டு லேப்டாப்களில் நல்ல குளிரூட்டல் உள்ளதற்கு இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது, மோசமான குளிரூட்டலில் ஐ7 வாங்குவதைவிட மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆப்பிள் இதைத் தெளிவாகக் காட்டியது. 2020 நவம்பரில் வந்த மேக்புக் ஏர், 13 அங்குல மேக்புக் ப்ரோ இரண்டிலும் இருந்தது அதே எம்1 சிப். ஏரில் விசிறி கிடையாது, ப்ரோவில் உண்டு. கடிதம் எழுத, இணையம் பார்க்க, படம் திருத்த இரண்டும் ஒன்றே. பல நிமிடங்கள் இடைவிடாமல் கணக்குப் போடும் வேலையில் மட்டும் ஏர் மெல்லத் தளர்ந்தது. அங்கே கூடுதல் விலையில் வேகத்துக்கான பங்கு அந்த விசிறிக்குத்தான்.

சரி, முழு ஒன்பது சதவீதமும் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாம் செய்யும் வேலை ஒன்பது சதவீதம் சீக்கிரம் முடியுமா? முடியாது. இதை 1967-இல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் ஜீன் ஆம்டால் வாதமாக முன்வைத்தார். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 கணினிகளை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் அவர். அன்றைக்கு அவர் பேசியது பல பிராசசர்களைச் சேர்த்து ஓட்டுவதைப் பற்றி. ஆனால் அந்தக் கணக்கு எதற்கும் பொருந்தும். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மொத்த லாபத்தை முடிவு செய்வது வேகப்படுத்தாமல் விட்ட பகுதி.

ஒரு நிரல் திறக்கப் பத்து விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதில் பிராசசர் உண்மையில் உழைப்பது நான்கு விநாடி. மீதி ஆறும் எஸ்எஸ்டியிலிருந்து கோப்பு வரவும், இணையத்திலிருந்து பதில் வரவும் காத்திருப்பது. பிராசசரை ஒன்பது சதவீதம் வேகப்படுத்தினால் நான்கு விநாடி 3.68 ஆகும். மொத்தம் 9.68. பத்து விநாடியையும் 9.68 விநாடியையும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற மனிதர் இல்லை. பிராசசரை எல்லையற்ற வேகத்துக்குக் கொண்டுபோனாலும் அந்த ஆறு விநாடி அப்படியே நிற்கும்.

காத்திருப்பின் அளவுகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சிப்புக்கு ஒரு துடிப்பு என்பது 0.2 நானோவிநாடி. ஒளிகூட அதற்குள் ஆறு சென்டிமீட்டர்தான் போகும். வேண்டிய தரவு சிப்புக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தில் இருந்தால் சில துடிப்புகளில் கைக்கு வந்துவிடும். ரேமுக்குப் போக வேண்டியிருந்தால் சுமார் 100 நானோவிநாடி, அதாவது ஐந்நூறு துடிப்புகள். எஸ்எஸ்டிக்குப் போனால் பல்லாயிரம் நானோவிநாடிகள், துடிப்புக் கணக்கில் லட்சங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பத்து மில்லிவிநாடி, ஐந்து கோடித் துடிப்புகள். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லிவிநாடி எடுக்கிறது. அதற்கு மேல் எந்த மென்பொருளாலும் அதை விரட்ட முடியாது. பிராசசரின் துடிப்பை வேகப்படுத்தும்போது ரேமோ டிஸ்கோ வேகமாவதில்லை. வேகமான சிப் அதே நேரத்தில் இன்னும் அதிகத் துடிப்புகள் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான்.

ரேம் போதவில்லை என்றால் இது நேரடியாக நம் மேல் விழும். 8 ஜிபி ரேமில் விண்டோஸ், இருபது குரோம் டேப், ஒரு ஜூம் வகுப்பு, ஒரு வேர்ட் கோப்பு எல்லாம் திறந்திருந்தால் இடம் நிரம்பிவிடும். இயங்குதளம் முதலில் தரவைச் சுருக்கிப் பார்க்கும். அதற்கும் மேல் போனால் எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைக்கும். டேபை மாற்றும்போது அந்தத் தரவு திரும்பி வர வேண்டும். நானோவிநாடிகளில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரம் மடங்கு நீள்கிறது. ‘லேப்டாப் ஹேங் ஆகுது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். 8 ஜிபியோடு ஐ7 வாங்குவதைவிட 16 ஜிபியோடு ஐ5 வாங்குவது மேல் என்று விவரம் அறிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்த ஆயிரம் மடங்கு. ஆப்பிளும் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை நினைவகத்தை, விலையை ஏற்றாமல், 8-லிருந்து 16 ஜிபிக்கு உயர்த்தியது.

ரேமில் எத்தனை ஜிபி என்பதோடு, எத்தனை தடம் என்பதும் உண்டு. இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரே ஒரு தகடாக இருந்தால் விநாடிக்கு 25.6 ஜிபி தரவு போகும். இரண்டு தகடுகள் இருந்தால் இரண்டு தடம், 51.2 ஜிபி. விலையைக் குறைக்கப் பல லேப்டாப்களில் ஒரே தகடு போடுகிறார்கள். பிராசசரின் சாதாரண வேலைக்கு இது பெரிதாகத் தெரியாது. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதிக்குத் தனி நினைவகம் இல்லாததால், அதற்குத்தான் மூச்சு முட்டும். இன்டெலே இதை ஒப்புக்கொள்கிறது. நாம் பார்த்த ஐ5, ஐ7 இரண்டிலும் கிராபிக்ஸுக்கு ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று பெயர். ஆனால் ரேம் ஒரே தடத்தில் இருந்தால் விண்டோஸில் அதே சிப்பின் கிராபிக்ஸ் ‘யுஎச்டி’ என்று சாதாரணப் பெயரில்தான் தெரியும். 96 அலகுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஒற்றைத் தகடு ரேமில் ஓட்டினால் அந்தப் பதினாறு அலகு கூடுதல் இருந்தும் இல்லாததுதான்.

இப்போது பலர் லேப்டாப்பிலேயே சிறிய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். அங்கே இந்தத் தடம் இன்னும் பெரிய விஷயம். எழுநூறு கோடி எடைகள் கொண்ட மாதிரியை நான்கு பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி. அது ஒவ்வொரு டோக்கனை, அதாவது சொல்துண்டை, எழுதவும் அந்த 4 ஜிபியை முழுதாக ஒருமுறை படித்தாக வேண்டும். ஒரு தடம் என்றால் விநாடிக்கு ஆறு டோக்கனைத் தாண்ட முடியாது, இரண்டு தடம் என்றால் பன்னிரண்டு. 4.6 கிகாஹெர்ட்ஸா 5.0-ஆ என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

இவ்வளவு சொன்னதால், வேகத்துக்குப் பணம் கொடுப்பதே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காத்திருப்பு மனிதரை என்ன செய்கிறது என்று ஐபிஎம்மில் ராபர்ட் மில்லர் 1968-லேயே எழுதினார். பத்தில் ஒரு விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். ஒரு விநாடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். 1982-இல் அதே நிறுவனத்தின் வால்டர் டோஹர்ட்டியும் அவருடன் பணியாற்றியவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். கணினி ஒரு விநாடிக்குள் பதில் தரும்போது, மிச்சமாவது கணினியின் நேரம் மட்டும் இல்லை, அடுத்த கட்டளையை யோசிக்க மனிதர் எடுக்கும் நேரமும் குறைகிறது. ஆகவே வேகத்துக்கு மதிப்பு உண்டு, நிச்சயம் உண்டு. ஆனால் அது இந்தப் படிகளைத் தாண்டும் இடத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. பதினெட்டு விநாடி எட்டு விநாடியானால் கவனம் நிலைக்கும், வேலை மாறிவிடும். 0.08 விநாடி 0.07 ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

உங்கள் காத்திருப்பு எங்கே இருக்கிறது என்பதை இப்போது கையில் இருக்கும் கணினியிலேயே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதை ஓரத்தில் திறந்துவைத்துவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். எரிச்சல் வரும் நொடியில் அதைத் திரும்பிப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி வேண்டும். மெமரி 90-ஐத் தாண்டினால் ரேம். எல்லாமே அமைதியாக இருக்க, திரை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் குற்றம் உங்கள் இணைய இணைப்பிலோ அந்தப் பக்கத்து சர்வரிலோ. எந்த லேப்டாப்பும் அதைச் சரிசெய்யாது. சிபியு முழுதாக நிரம்பி நின்றால்தான் வேகமான சிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நேரத்தில் பன்னிரண்டு இழை (த்ரெட்) ஓடும் சிப்பில் ஒரு நிரல் ஒரே இழையை முழுமூச்சாகப் பயன்படுத்தினாலும் மேனேஜர் மொத்தமாகச் சுமார் 8 சதவீதம் என்றுதான் காட்டும். சிபியு சும்மா இருப்பதாகத் தோன்றும். அந்த வரைபடத்தின் மேல் வலது சொடுக்கு செய்து ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகக் காட்டச் சொன்னால், ஒரே ஒரு கட்டம் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்பது தெரியும். ஆட்டோகேட் போன்ற நிரல்களில் பெரும்பாலான வேலை இப்படி ஒற்றை இழையில்தான் போகிறது. அங்கே கோர்களை எண்ணிப் பயனில்லை. கிகாஹெர்ட்ஸுக்கும் சிப்பின் தலைமுறைக்கும் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு.

வீடியோ திருத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடித்த படத்தைக் கோப்பாக எழுதும் வேலையைப் பல மென்பொருள்கள் சிப்புக்குள் இருக்கும் தனி வீடியோ பகுதியிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்தப் பகுதி நம் ஐ5, ஐ7 இரண்டிலும் ஒரே வகை. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகிறவருக்கு ஐந்து மணி நேரம் நாலரை மணி ஆனாலும் காலையில்தான் தெரியும்.

இனிக் கணக்கு. கூடுதல் விலை ரூ.15,000. நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 250 நாள் உழைப்பு என்றால் ஆயிரம் நாள். நாளைக்கு ரூ.15. உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு ரூ.300 என்றால் நிமிடம் ரூ.5. ஆக, அந்த லேப்டாப் தினமும் மூன்று நிமிடம் மிச்சப்படுத்தியாக வேண்டும். ஒன்பது சதவீத வேகம் என்பது நேரத்தில் எட்டு சதவீத மிச்சம். மூன்று நிமிடம் மிச்சமாக வேண்டுமானால், தினமும் முப்பத்தேழு நிமிடத்துக்கு மேல் பிராசசரை மட்டுமே நம்பி, வேறெதுவும் செய்யாமல், திரையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பி.காம். படிக்கும் மாணவிக்கு அப்படி ஒரு நாள்கூட அமையாது. மணிக்கு ஆயிரம் ரூபாய் ஈட்டும் மென்பொருள் பொறியாளருக்குக் கணக்கே வேறு. தினமும் பதினோரு நிமிடக் காத்திருப்பு இருந்தாலே போட்ட பணம் திரும்பிவிடும். பெரிய நிரலைத் தொகுத்துத் தொகுத்துப் பார்ப்பவருக்கு அது காலை காபிக்கு முன்னாலேயே ஆகிவிடும்.

ஆனால் அவர் வாங்க வேண்டியதும் இந்த ஐ7 இல்லை. பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கச் சொல்வேன். யு என்பது 15 வாட் குடும்பம், எச் என்பது 45 வாட் குடும்பம். ஐ5-13500எச் சிப்பில் வேகமான கோர் நான்கு, சிக்கனமானது எட்டு, கேஷ் 18 மெகாபைட். பெயரில் ஐ5 என்று இருந்தாலும் நீண்ட வேலையில் ஐ7-1355யு-வை இது தாண்டிப் போய்விடும். எடை கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும், விசிறி சத்தம் போடும். உழைக்கிறவருக்கு அந்த விலை தகும்.

ஏஎம்டி பக்கம் பெயர் இன்னும் சிக்கல். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு சிப்புகள். எண்ணில் பத்து வித்தியாசம், கடையில் யாரும் கண்டுகொள்ளாத பத்து. முதலாவதில் 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர், 4 மெகாபைட் எல்3 கேஷ். இரண்டாவதில் அடுத்த தலைமுறையான ஜென் 3, ஆறு கோர், 16 மெகாபைட். அந்த எண்ணில் மூன்றாம் இலக்கம்தான் வடிவமைப்பின் தலைமுறை. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இங்கே நாலைந்தாயிரம் கூடக் கொடுக்கச் சொன்னால் தயங்காமல் கொடுக்கலாம். ஸ்டிக்கர் இரண்டிலும் ‘ரைசன் 5’ என்றுதான் இருக்கும். ஐ5-க்கும் ஐ7-க்கும் நடுவே ஒன்பது சதவீதம் இருக்க, ஒரே பெயருள்ள இரண்டு ரைசனுக்கு நடுவே ஒரு முழுத் தலைமுறை இருக்கிறது. வாங்குகிறவருக்கு இது நியாயமாக நடக்கும் சந்தை இல்லை என்பதே என் எண்ணம். விலைச்சீட்டில் கோர் எண்ணிக்கையும் ரேம் தடமும் வாட்டும் எழுதப்பட வேண்டும்.

‘வேகமானதாக வாங்கினால் நீண்ட நாள் வரும்’ என்ற வாதம் மிச்சம் இருக்கிறது. நாலு ஆண்டுக்குக் கவலை இல்லை என்று விற்பவர் சொல்வது இதைத்தான். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகள் அநேகமாக எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிவிட்டது. 2017-இல் பெரும் விலை கொடுத்து விளையாட்டுக்காக வாங்கிய நான்கு கோர் ஐ7-7700எச்க்யூ அனுமதிப் பட்டியலில் இல்லை. இரண்டே கோர் கொண்ட, மிக மலிவான செலரான் என்4000 பட்டியலில் இருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது, வேகமான லேப்டாப்தான் வெளியே நின்றது. நடைமுறையில் ஒரு லேப்டாப்பின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் பேட்டரி, கீல், விசைப்பலகை, நிரம்பிப்போன ரேம் ஆகியவைதான். ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்த மாடல் என்றால் பிறகு கூட்டவே முடியாது. அப்படிப்பட்டதில் ரேமுக்கு வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். ஸ்லாட் இருக்கும் மாடல் என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால், இரண்டில் ஒன்று மட்டும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று தெரியும். கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பு, காட்டச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் வேறு கடை பார்க்கலாம்.

புதிது வாங்கும் யோசனையில் இருக்கும் பலரின் வீட்டில் ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. அதில் டிஸ்க் கட்டம் நாள் முழுக்க 100-ஐ முட்டிக்கொண்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் இன்றும் அதைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, எஸ்எஸ்டி மாட்டித் தருகிறார்கள். பத்து மில்லிவிநாடி இருந்த இடத்தில் பத்தில் ஒரு மில்லிவிநாடி. ஐ5-இலிருந்து ஐ7-க்குத் தாவ ஒன்பது சதவீதம், இங்கே நூறு மடங்கு. எஸ்எஸ்டியின் விலையும் மாட்டும் கூலியும் சேர்ந்தாலும் அந்தப் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். விண்டோஸ் 11 ஏற்காத பழைய சிப் என்றால் லினக்ஸ் ஏற்றச் சொல்லலாம், தெருவில் அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.